பனி வேண்டாம் என்றவள்

பிப்ரவரி 17, திங்கள்

வண்டி வந்து சேர்ந்தது. ஒரு கீறல் இல்லை.

முதல் வரி இப்படித்தான் இருக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் தணிகாசலம் சொல்லி அனுப்பினார். முதுகில் ஆபரேஷன் முடிந்து சென்னை சாலிகிராமத்தில் மல்லாந்து படுத்திருக்கிறார். "தினமும் வண்டியப் பத்தி எழுதி வை வேதா. டீசல், தண்ணி, பேட்டரி, எல்லாம். வந்ததும் படிப்பேன்" என்று இந்த நோட்டைக் கையில் திணித்தார். எழுதுகிறேன்.

எங்கள் கேரவன் பஸ் மாதிரி தானே ஓடுவதில்லை. ஜீப்புக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போக வேண்டும். நடிகர்களுக்குப் பெரிய அறை, பாத்ரூம், முன்பக்கம் வண்டிக்காரருக்கு ஒரு பலகைப் படுக்கை. இத்தனை வருஷம் அதை இழுத்தவர் அவர்தான். மலைக்கு வந்தது வண்டிக்கு முதல் தடவை. படப்பிடிப்புக்கு ஓட்டி வந்தது எனக்கு முதல் தடவை. பர்லியாறு தாண்டி ஒரு வளைவில் எதிரே வந்த பஸ் டிரைவர், ஸ்டியரிங்கில் ஒரு பெண் இருப்பதைப் பார்த்துவிட்டு பஸ்ஸை ஓரம் கட்டி வழி விட்டார். மரியாதையா, பயமா தெரியவில்லை. மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

தலைகுந்தா பக்கம் ஒரு புல்வெளியில் ஷூட்டிங். யூனிட் முழுக்க ஊட்டியில் ஓட்டலில் தங்குகிறது. வண்டி மட்டும் புல்வெளி ஓரத்தில், போஜன் என்பவருடைய கேரட் கிடங்கின் முற்றத்தில். வண்டிக்குள் நான். பயம் ஒன்றும் இல்லை. விளக்கை அணைக்காமல் படுத்தது பேட்டரி எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்ப்பதற்காக.

பிப்ரவரி 18, செவ்வாய்

வண்டி யாருக்கு என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. வனமாலினி அம்மாவுக்கு. நாடகக் கம்பெனியில் ஆரம்பித்து, சினிமாவில் எத்தனையோ பேருக்குத் தாயாக நடித்தவர். வயது எழுபதை நெருங்குகிறது. தளர்வான நீளக் கோட்டுக்குள் மெலிந்துபோய் இருந்தார். வண்டிக்குள் ஏறியதும் நாற்காலியைப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்க்கவில்லை. நேராக பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்த்தார்.

"தண்ணி நிக்காம வருமாத்தா?" மதுரைப் பேச்சு இன்னும் போகவில்லை.

"எங்க வண்டியில தண்ணி நின்னதே கிடையாதும்மா."

இது பெருமைக்குச் சொன்னதில்லை, உண்மை. படுக்கைக்கு அடியில் பெரிய தொட்டி. அங்கிருந்து பம்ப் இழுத்து, வண்டியின் வயிற்றுக்கு வெளியே ஒரு குழாய் வழியாக பாத்ரூமுக்கு அனுப்புகிறது. அந்த பம்ப்பை என் வீட்டுக்காரரே கழற்றி அவரே மாட்டுவார். வேறு யாரையும் தொட விட்டதில்லை. சென்னையில் அந்த வெளிக்குழாய்க்கு வெயில்தான் எதிரி. இங்கே என்ன என்று எனக்குத் தெரியாது.

தயாரிப்பு மேனேஜர் எட்வின் வந்து விஷயத்தைச் சொன்னார். படத்தின் முக்கியமான காட்சியே அம்மாவுடையதுதானாம். ஊரை விட்டுப் போகிற மகனைத் திருப்பிக் கூப்பிட, தாய் விடிகாலையில் வெறுங்காலோடு, வெள்ளை வெளேரென்று உறைபனி மூடிய புல்வெளியில் நடந்து போகிறாள். பொய்ப்பனி வேண்டாம், நிஜப்பனிதான் வேண்டும் என்கிறார் டைரக்டர். ஆனால் பனி கொட்டுவது டிசம்பரிலும் ஜனவரியிலும். ஹீரோவின் தேதி கிடைத்தது இப்போதுதான். அதனால் யூனிட்டே பனிக்காக வேண்டிக்கொண்டிருக்கிறது. எட்வின் வேளாங்கண்ணிக்கு மெழுகுவர்த்தி நேர்ந்திருக்கிறாராம்.

பிப்ரவரி 19, புதன்

தண்ணீர் ஒரு லோடு. டீசல் பாதி. பனி இல்லை. டைரக்டர் முகம் சரியில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

இன்றைக்கு எங்கள் வண்டியில் தண்ணீர் நின்றது.

விடிகாலை அம்மா மேக்கப்புக்கு வந்துவிட்டார். புல்வெளியில் அங்கங்கே உப்புத் தூவினாற்போல் இலேசான பனி. படம் எடுக்கிற அளவுக்கு இல்லை என்று டைரக்டர் காலால் உதைத்துக்கொண்டிருந்தார். அம்மா பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பம்ப் உறுமுவது கேட்டது. தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கவில்லை.

"வேதா!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். சினிமாவில் இத்தனை வருஷம் கேட்ட குரல் இல்லை அது.

வெளியே ஓடி வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். வெளிக்குழாய் விறைத்துப்போய்க் கிடந்தது. தட்டினால் கல்லைத் தட்டுகிற மாதிரி. உள்ளே தண்ணீர் கட்டியாகிவிட்டது. சமையல் மாஸ்டரிடம் ஓடி, இட்லி அண்டாவில் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரை ஒரு வாளி வாங்கி வந்து, பச்சைத் தண்ணீர் கலந்து, கதவைத் தட்டினேன்.

"வேற யாரும் இருக்காகளா?"

"நான் மட்டும்தான்மா."

கதவு திறந்தது. நான் பார்த்ததை இங்கே எழுதப் போவதில்லை. இந்த நோட்டை இன்னொருவர் படிப்பார். வெந்நீர் தேவைப்பட்டது, பஞ்சு தேவைப்பட்டது, ஒரு கத்தரிக்கோல், ஒரு கறுப்பு பிளாஸ்டிக் கவர். எல்லாம் கொடுத்தேன். அவரால் முடியாததை நான் செய்தேன். அவ்வளவுதான்.

முடிந்தபிறகு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெரிஞ்சா இந்தப் படத்துல இருந்து எடுத்துருவாகத்தா. அம்மா வேசத்துக்கு ஆளா இல்ல?" என்றார்.

"என்ன தெரிஞ்சா? எனக்கு ஒண்ணும் தெரியாதே" என்றேன்.

பிப்ரவரி 22, சனி

பனி உருகியதும் குழாய் முழங்கை மாதிரி திரும்புகிற இடத்தில் விரிசல் விட்டுச் சொட்டியது. ஊட்டிக்குப் போய்ப் புது மூட்டு வாங்கி வந்து நானே மாற்றினேன். பழையதைப் பிரித்தது ஒரு வேலை, புதியதை ஒட்டியது ஒரு வேலை, கை முழுக்கப் பசை. ஆனால் ஒரு சொட்டு இல்லை. வேண்டுமானால் வந்து தடவிப் பார்க்கட்டும்.

போஜன் தன் ஜீப்பில் தண்ணீர் கொண்டு வந்தபோது பார்த்துச் சிரித்தார். "குழாயில தண்ணிய வச்சுக்கிட்டுத் தூங்கலாமா அக்கா? சாயங்காலம் தொறந்து வடிச்சு விட்ருங்க. வெறும் குழாய் வெடிக்காது."

"விடிகாலைல தண்ணி வேணுமே."

"குளிர் ரொம்ப இறங்குறதே வெளிச்சம் வர்ற நேரத்துலதான். அப்ப நெறச்சா அப்பவே கட்டியாகும்."

அதாவது அம்மா வண்டிக்குள் இருக்கிற நேரமும் தண்ணீர் உறைகிற நேரமும் ஒன்று. நாள் முழுக்க இதையே யோசித்தேன். என் வீட்டுக்காரர் சாயங்காலம் போனில், பழைய துணியைச் சுற்றி வை, ஜெனரேட்டரில் குண்டு பல்பு இழுத்துக் குழாய்க்குப் பக்கத்தில் எரிய விடு என்றார். நல்ல யோசனைதான். செய்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

எட்வின் இன்றைக்குக் காலையிலேயே கோபமாக வந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் எதற்கும் அவர்தானே பதில் சொல்ல வேண்டும்? அம்மா வண்டிக்குள் மேக்கப் போட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் திறந்திருந்தது.

"என்னம்மா, தினம் ரெண்டு லோடு தண்ணி? ஹீரோயின் வண்டிக்கே ஒண்ணுதான் ஆகுது. ஒரு வயசான அம்மாவுக்கு எதுக்கு இவ்வளவு?"

நான் குழாயில் சுற்றியிருந்த துணியை இறுக்கிக் கட்டினேன்.

"உடம்புக்கு ஏதாச்சுமா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க. பனியில நடக்க விட்டு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது? வேற ஆள் ரெடியா இருக்காங்க. நாளைக்கே கூட்டிட்டு வந்துடலாம்."

ஜன்னலுக்கு உள்ளே மேக்கப்காரரோடு பேசிக்கொண்டிருந்த குரல் நின்றுபோயிற்று.

"அம்மா என்ன சார் பண்ணுவாங்க? வண்டித் தொட்டி ஒழுகுது" என்றேன்.

எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. வந்துவிட்டது.

"ஒழுகுதா? தணிகாசலம் வண்டின்னுதானே நம்பி எடுத்தேன்!"

"அவர் கவனிச்ச வரைக்கும் ஒழுகல சார். நான்தான் சரியாப் பார்க்கல. பார்த்துக்கறேன்."

எட்வின் தலையில் அடித்துக்கொண்டு போனார். போகிற வழியில் ஹீரோயின் கேரவன் டிரைவரிடமும் சொன்னார். அந்த ஆள் என் வண்டியைப் பார்த்துச் சிரித்தான். நான் துணி எடுத்துக்கொண்டு வண்டியின் பக்கவாட்டைத் துடைக்க ஆரம்பித்தேன். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 25, செவ்வாய்

அவர் போன் செய்தார். டிரைவர்கள் வழியாகச் செய்தி அதற்குள் சாலிகிராமம் போய்விட்டது.

"நம்ம தொட்டி ஒழுகுதாமே? ஊரே சொல்லுது. நான் படுத்த நேரம் பாத்து வண்டியையும் படுக்க வச்சிட்டியா?"

"சரி பண்ணிட்டேன்."

"எங்க ஒழுகுச்சு?"

"அடியில."

"அடியில எங்க?"

சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

இந்தப் பக்கத்தைப் படிக்கும்போது அவருக்குக் கோபம் வரும். வரட்டும். தொட்டியைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு அனுமதி இல்லை. டீசல் முக்கால். பேட்டரி நன்று.

பிப்ரவரி 26, புதன்

சிவராத்திரி. இனிமேல் எங்கே பனி என்று எட்வின் உதட்டைப் பிதுக்குகிறார். சனிக்கிழமை வரை பார்ப்பது, இல்லாவிட்டால் சென்னையில் செட் போட்டு உப்பைக் கொட்டி எடுப்பது என்று டைரக்டர் முடிவு செய்திருக்கிறார்.

யூனிட்டில் எல்லாரும் பனி வேண்டும் என்று கும்பிடுகிறார்கள். நான் ஒருத்திதான் வேண்டாம் என்று கும்பிடுகிறேன். சாமிக்குக் குழப்பமாக இருக்கும்.

இன்னொரு தலைவலி. ஒலிப்பதிவுக்காரர் வந்து, "அந்த ஷாட் லைவ் சவுண்டு அக்கா, அங்கேயே பதிவு பண்றோம். விடியறதுக்கு முன்னாடியே ஜெனரேட்டர் எல்லாம் ஆஃப். ஒரு ஈ பறந்தாலும் மைக்ல விழும்" என்றார். ஜெனரேட்டர் இல்லையென்றால் குண்டு பல்பு இல்லை. குண்டு பல்பு இல்லையென்றால் குழாய்க்குச் சூடு இல்லை. வீட்டுக்காரர் சொன்ன வழி அடைபட்டது. போன் செய்து கேட்கலாம். கேட்கவில்லை. கேட்டால் தொட்டியைப் பற்றி ஆரம்பிப்பார்.

அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "பனி வரலேன்னா சென்னையிலயே எடுத்துடுவாங்களாம்மா. உங்களுக்கும் சௌகரியம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சௌகரியமா? உப்புல நடக்குறதுக்கா நான் இம்புட்டு தூரம் வந்தேன்? எத்தனை படத்துல மூலையில உக்காந்து அழுதுருக்கேன் தெரியுமா? ஒரு சீன், என் ஒருத்திய நம்பி ஒரு சீன் எழுதியிருக்கான் அந்த டைரக்டர் பையன். கொட்டட்டும்த்தா பனி."

அதற்குப் பிறகு வேண்டாம் என்று கும்பிட எனக்கு மனம் வரவில்லை. வேண்டும் என்று கும்பிடவும் வரவில்லை. தொட்டியைக் கழுவினேன்.

பிப்ரவரி 27, வியாழன்

ஓடுகிற தண்ணீர் உறையாது.

காலையில் கிடங்குக்குப் பின்னால் கேரட் கழுவுகிற வாய்க்காலைப் பார்த்தேன். கரைப்புல்லில் வெள்ளையாகப் பனி படிந்திருக்கிறது. ஓரத்துக் குட்டையில் கண்ணாடி மாதிரி ஏடு. நடுவில் தண்ணீர் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தேன். குழாய்க்குள் தண்ணீர் நிற்பதால்தானே கட்டியாகிறது? நிற்க விடாவிட்டால்?

வண்டிக்கு வந்து படுக்கைப் பலகையைத் தூக்கினேன். பாத்ரூமில் உள்ள கைஷவரின் ஓஸ் குழாயைக் கழற்றி, போஜனிடம் வாங்கிய நீள ஓஸை மாட்டி, அதன் மறுமுனையைத் தொட்டியின் வாய்க்குள்ளேயே விட்டேன். பம்ப்பை ஓட்டினேன். தண்ணீர் தொட்டியிலிருந்து கிளம்பி, வெளிக்குழாய் வழியாகப் போய், பாத்ரூமைத் தொட்டு, திரும்பத் தொட்டிக்கே வந்து விழுந்தது. ஒரு சொட்டு வீணாகவில்லை. குழாயைத் திறந்தால் அங்கேயும் வருகிறது.

யாரும் சொல்லித் தரவில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

மத்தியானத்துக்குமேல் போஜன் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். "மேகம் ஒண்ணும் இல்ல. காத்தும் நின்னு போச்சு. நாளைக்கு நல்லா கொட்டும் அக்கா. எங்க உருளைக்கிழங்குக்குத்தான் கேடு." டைரக்டர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பாவம், போஜன் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் நின்றார்.

எனக்கு வேலை இருந்தது. அவர் கிடங்கில் கிடந்த காலிச் சாக்குகளில் காய்ந்த புல்லை அடைத்து, வண்டியின் அடிப்பக்கத்தைச் சுற்றிலும் சுவர் மாதிரி அடுக்கினேன். குளிர் அடியில் நுழையக் கூடாது. வெளிக்குழாயைச் சாக்கால் சுற்றி, அதன்மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டினேன். பம்ப் விடிய விடிய ஓட வேண்டும், பேட்டரி தாங்காது என்பதால் ஜீப் பேட்டரியையும் கழற்றிச் சேர்த்தேன். சமையல் மாஸ்டர் விடியும் முன் இரண்டு அண்டா வெந்நீர் காய்ச்சித் தருவதாகச் சொன்னார். "எதுக்கும்மா அவ்வளவு?" என்று கேட்டவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, வாங்கிக்கோ" என்றார்.

சாக்குக்குள் புதைந்த வண்டியைப் பார்த்து ஹீரோயின் கேரவன் டிரைவர், "என்னக்கா, ஒழுகறதை அடைக்கறீங்களா?" என்றான். இன்னொரு சாக்கை எடுத்து அடுக்கினேன். வாழ்க்கையில் நான் கட்டிய முதல் சுவர் அது. கோணல் இல்லாமல் இருந்தது.

மார்ச் 1, சனி

எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். இப்போது எழுதலாம்.

இருட்டிலேயே அம்மா வந்துவிட்டார். வெந்நீரைத் தொட்டியில் கலந்து வைத்திருந்தேன். தண்ணீர் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது. மேக்கப் முடிந்தது. ஜெனரேட்டரை அணைத்தார்கள். அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. பலகைக்கு அடியில் எங்கள் பம்ப் மட்டும் பூனை மாதிரி முனகிக்கொண்டிருந்தது. ஒலிப்பதிவுக்காரர் ஹெட்போனோடு வந்து காது வைத்துக் கேட்டுவிட்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

வெளுத்தது. புல்வெளி முழுக்க வெள்ளை. ஒரு புல் பாக்கியில்லை. ஹீரோயின் வண்டிக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அந்தப் பக்கம் யாரோ ஓடினார்கள். கேமரா தயார். ஒரு தடவை நடந்தால் கால்தடம் விழுந்துவிடும், வெயில் ஏறினால் பனி போய்விடும். அதனால் ஒரே ஒரு வாய்ப்புதான். டைரக்டர் கையைத் தூக்கப் போகிற நேரத்தில், தூரத்தில் நின்றிருந்த அம்மா சட்டென்று திரும்பி வண்டியை நோக்கி வேகமாக வந்தார். கை வயிற்றில் இருந்தது. முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"தண்ணி?" என்றார்.

"வரும்மா."

உள்ளே போனார். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அதற்குப் பின்னாலேயே தண்ணீர் விழுகிற சத்தம். என் உடம்பில் அதுவரை எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்த மூச்சு வெளியே வந்தது. உள்ளே இருந்து, "இதமா இருக்குத்தா" என்று ஒரு குரல்.

எட்வின் ஓடி வந்தார். "சூரியன் வருது! என்ன பண்றாங்க உள்ள? வரச் சொல்லும்மா!"

"வருவாங்க சார்."

"நகரு, நான் சொல்றேன்." கதவுப் பிடியில் கை வைத்தார்.

"கதவைத் தொடாதீங்க சார். இது என் வண்டி. நான் சொல்ற வரைக்கும் யாரும் உள்ள போக முடியாது."

அவர் என்னைப் பார்த்தார். கையை எடுத்துக்கொண்டார். நான் யாரிடமும் இப்படிப் பேசியதில்லை. குரல் உயரவே இல்லை. அது எனக்கே ஆச்சரியம்.

கதவு திறந்தது. புடவைக் கொசுவம் நேராக, முகம் துடைத்துப் பொட்டு கலையாமல், அம்மா இறங்கினார். செருப்பை வண்டிப் படியில் கழற்றி வைத்துவிட்டு நடந்தார்.

நான் ஷாட்டைப் பார்க்கவில்லை, பம்ப்பைக் கவனித்துக்கொண்டிருந்தேன் என்று வீட்டுக்காரரிடம் சொல்ல நினைத்திருந்தேன். பொய் எதற்கு, பார்த்தேன். அந்த வெள்ளைக்கு நடுவில் ஒரு சிறிய உருவம். அவசரம் இல்லை, தள்ளாட்டம் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் பனி நொறுங்குகிற சத்தம் எங்கள் வரைக்கும் கேட்டது. பாதி தூரம் போனதும் நின்று, "முத்தையா" என்று படத்து மகனைக் கூப்பிட்டார். கத்தவில்லை. சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி சாதாரணமாகத்தான் கூப்பிட்டார். கேமராவுக்குப் பின்னால் டைரக்டர் "கட்" சொல்ல மறந்து நின்றார். கேமராமேன்தான் சொன்னார்.

கை தட்டியது அடங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, எங்கள் தொட்டி வெந்நீரிலேயே பாதத்தை வைக்கச் சொன்னேன். சுற்றிலும் எல்லாரும். எட்வின் சந்தோஷத்தில் இருந்தார். சும்மா விளையாட்டுக்குத்தான் சொன்னார்: "ஊர்ல எல்லா வண்டியிலும் தண்ணி நின்னு போச்சு. நம்ம ஓட்டை வண்டியில மட்டும் வருது பாருங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

"தம்பி, ஷாட்டு ஓகேவா?" என்று டைரக்டரைக் கேட்டார்.

"ஓகேம்மா. இதுக்கு மேல என்ன வேணும்?"

"வேற ஆள வச்சு எடுக்க வேண்டியதில்லையே?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க?"

"அப்பச் சரி." எட்வின் பக்கம் திரும்பினார். "இந்தப் புள்ள வண்டி ஒழுகல தம்பி. ஒருநாளும் ஒழுகல. ரெண்டு வருசத்துக்கு முன்னால எனக்குக் குடல்ல ஒரு கட்டி. வெட்டி எடுத்தாச்சு. இப்ப நோய் இல்ல. ஆனா வயித்துல ஒரு ஓட்டை போட்டு, மலம் போறதுக்கு ஒரு பை ஒட்டியிருக்காக. அது நெறஞ்சா நான் கழுவணும், மாத்தணும். அதுக்குத்தான் தண்ணி. பையோட நாலு படம் நடிச்சிட்டேன். அதுல எந்த ஷாட்டுல தெரிஞ்சதுன்னு யாராச்சும் சொல்லுங்க பாப்போம்."

எட்வின் முகம் சிவந்துவிட்டது.

"எனக்காக இது தன் வண்டி மேல பழிய போட்டுக்கிருச்சு. வண்டிக்காரிக்கு அதவிடப் பெரிய பழி என்ன இருக்கு? அத ஓட்டை வண்டின்னு இன்னொருக்கா சொல்லாதீக."

எட்வின் என்னிடம் வந்தார். "மன்னிச்சுக்கம்மா. அம்மா, உங்க கிட்டயும்" என்றார். சொன்னதே போதும்.

தனியாக இருந்தபோது, "ஏம்மா சொன்னீங்க? நான் யார்கிட்டயும் சொல்லியிருக்க மாட்டேனே" என்றேன்.

"தெரியும்த்தா. நோட்டுல கூட எழுதலன்னு தெரியும், நீ எழுதுறப்ப பாத்துருக்கேன். ஆனா நான் இன்னிக்கு நடந்த நடைக்கு அப்புறம் எனக்கு எதுக்கு ஒளிவு மறைவு? என் புருசன் செத்தப்பகூட நாடகத்த நிறுத்தாதவ நான். இந்தப் பைக்கா பயப்படுவேன்?" என்றவர், கொஞ்சம் நிறுத்தி, "பயந்தேன். இன்னிக்குத்தான் போச்சு. எழுதிக்க. எல்லாத்தையும் எழுதிக்க" என்றார்.

எழுதிவிட்டேன். அன்றைக்குக் கதவு திறந்தபோது நான் பார்த்தது, பை பிரிந்து, புடவையெல்லாம் நனைந்து, சுவரில் சாய்ந்து நின்ற ஒரு மனுஷியை. இன்றைக்குப் பார்த்ததும் அவரைத்தான்.

மார்ச் 2, ஞாயிறு

பேக்கப், படப்பிடிப்பு முடிந்தது. சாக்குகளைப் பிரித்துப் போஜனிடம் கொடுத்தேன். அவர் உருளைக்கிழங்கில் பாதி கருகிவிட்டதாம். டைரக்டர் போய்ப் பார்த்து, ஏதோ பேசிவிட்டு வந்தார். குழாயை வடித்தேன். ஜீப்பின் பேட்டரியைத் திரும்ப மாட்டினேன்.

கிளம்புவதற்குமுன் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். எடுத்ததும், "தொட்டி இப்ப எப்படி இருக்கு?" என்றார். பின்னால் பேச்சுச் சத்தம். யாரோ வந்திருக்கிறார்கள்.

"தொட்டி ஒழுகவே இல்லீங்க" என்று ஆரம்பித்து, அம்மா, எட்வின், ஜெனரேட்டர், ஓஸ், சாக்கு, பனி, கதவு என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"தொட்டிக்கே திருப்பி விட்டியா?" என்றார். "பம்ப்ப விடிய விடிய ஓட விட்டு?"

"ஆமா."

"மத்த வண்டியெல்லாம் நின்னுபோச்சு. நம்மளுது மட்டும் வந்துச்சு?"

"வெந்நீரா வந்துச்சு."

பிறகு, "இரு, வைக்காத" என்றார். "டிரைவர் யூனியன் பசங்க என்னைப் பாக்க வந்திருக்கானுங்க. வந்ததுல இருந்து ஒழுகற வண்டி, ஒழுகற வண்டின்னு உயிரை எடுக்கறானுங்க. ஸ்பீக்கர்ல போடறேன்." போனை எங்கேயோ வைக்கிற சத்தம். பிறகு அவர் குரல், என்னிடம் இல்லை, அறைக்கு: "டேய், எல்லாரும் கிட்ட வாங்கடா. என் பொண்டாட்டி பேசறா."

திரும்ப என்னிடம், "சொல்லு வேதா. முதல்ல இருந்து சொல்லு."

முதலில் இருந்து சொன்னேன்.